தண்ணீர் வராத குழாயும் கட்டைவிரல் மேடமும்

அப்பா அம்மா ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டுதான். சம்பளப் பட்டியலுக்கு வெளியே அது புழங்கியதே இல்லை. செவிலியர் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகள் தொடங்கி வாசல் காவலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவர் கட்டைவிரல் மேடம். முதுகுக்குப் பின்னால் வெறும் கட்டைவிரல். "ஏய், கட்டைவிரல் வருதுடி" என்று பிள்ளைகள் சிதறி ஓடுவதை அவரே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்தும் போயிருக்கிறார். பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு ஒரு விஷயம் இதுகள் மண்டையில் ஏறியிருக்கிறதே, அதுவே பெரிய காரியம் என்பது அவர் கணக்கு.

அந்தப் பெயருக்கு விதை போட்டவர் வேறொருவர். மேடம் நர்சிங் படித்த காலத்தில் முதலாண்டு செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் அம்மா வந்திருந்தார். இவர் கை கழுவி முடித்துவிட்டுப் பெருமையாக நின்றபோது, அந்த அம்மா இவருடைய கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கி வகுப்புக்கே காட்டி, "இந்த விரல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? இதைக் குளிப்பாட்ட மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். பத்துக்கு நாலு மதிப்பெண். முப்பது வருடமாகியும் அந்த நாலு அவருக்கு ஆறவில்லை.

அதன் பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடம் வார்டு வேலை பார்த்தார். நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி இடுப்பு போனது. இடுப்பு போனவர்களுக்கென்றே இருக்கும் பதவி பயிற்றுநர் பதவி என்று வார்டுக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். கிண்டலை வாங்கிக்கொண்டு அவர் கல்லூரிக்கு வந்தார். முதலாண்டுக்குக் கை கழுவும் முறை சொல்லிக்கொடுங்கள் என்று நேர அட்டவணையைக் கையில் கொடுத்தார்கள். வேறு யாராவது இருந்தால், இதைப் போய் ஒரு பாடம் என்கிறார்களே என்று மூக்கைச் சுளித்திருப்பார்கள். இவருக்கோ பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள ஆள் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

அன்றிலிருந்து அவர் கண்ணில் மனிதர்கள் கட்டைவிரலும் மற்றவையுமாகப் பிரிந்துபோனார்கள். விருந்துக்குப் போனால் சாப்பாட்டில் அவருக்குக் கவனம் நிற்காது, கை கழுவும் இடத்தில் நின்று கழுவுகிறவர்களை வேவு பார்ப்பார். பல் டாக்டரிடம் போய் வாயைத் திறப்பதற்கு முன்னால், "டாக்டர், கட்டைவிரல்?" என்று கேட்டவர். அந்த டாக்டர் அதற்குப் பிறகு இவர் போன் செய்தால் ஊரில் இல்லை. நெருங்கிய சொந்தத்தில் குழந்தை பிறந்தால், தகவலை இவருக்கு மட்டும் ஒரு மாதம் கழித்துச் சொல்லும் வழக்கம் குடும்பத்தில் இருந்தது.

வீட்டுக்காரர் பைக் மெக்கானிக். விரலிடுக்கிலிருந்து முழங்கை வரைக்கும் கிரீஸ் அப்பிக்கொண்டு வந்து நிற்கும் ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு இந்த அம்மாள் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார் என்று அக்கம்பக்கத்தில் வியப்பார்கள். வீட்டுக்காரரைக் கேட்டால், "மிலிட்டரில இருக்குற மாதிரிதான் இருக்கேன். ஆனா சோறு நல்லாருக்கும்" என்பார்.

இப்போது செய்முறை அறைக்கு வருவோம், ஏனென்றால் வினையே அங்கேதான் இருந்தது. அங்கே ஒரு வாஷ்பேசின். வெள்ளை வெளேரென்று, மேலே பளபளக்கும் திருகு குழாயோடு, கல்யாணத்துக்கு வாங்கிய சாமான் மாதிரி இருக்கும். கீழே குனிந்து பார்த்தால் குழாயிலிருந்து ஒரு பைப்பும் போகாது. சுவரில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு பல்லி, அவ்வளவுதான். இணைப்பு கொடுங்கள் என்று கல்லூரி எழுதி, அது கட்டடப் பிரிவுக்குப் போய், அவர்கள் தண்ணீர்ப் பிரிவைக் கேட்டு, தண்ணீர்ப் பிரிவு "மேற்படி குழாய்க்கு ஏற்கெனவே இணைப்பு வழங்கப்பட்டுள்ளது" என்று முத்திரை குத்திப் பதில் அனுப்பி, பதினோரு வருடம் ஓடிவிட்டது. அந்தப் பதிலைச் சட்டம் போட்டு மாட்டாததுதான் பாக்கி.

அதற்காகப் பாடம் நிற்குமா? கட்டைவிரல் மேடம் அந்தக் குழாய்க்கு முன்னால் நின்று, நாற்பது பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, காற்றிலேயே கை கழுவுவார்.

"மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழட்டு. நகம் வெட்டிருக்கியா, காட்டு. குழாயைத் திறந்தாச்சு. திறந்தாச்சுன்னு வச்சுக்கோங்க. கை நனைஞ்சாச்சு. வச்சுக்கோங்க. சோப்பு ஒரு அமுக்கு. வச்சுக்கோங்க. இப்ப உள்ளங்கையோட உள்ளங்கை. தேய். புறங்கை மேல உள்ளங்கை, விரலைக் கோத்துத் தேய். அந்தக் கை, இந்தக் கை. மறுபடி உள்ளங்கைக்கு வா, விரல் இடுக்கு. விரலை மடக்கி, கொக்கி போட்டு, முட்டியைத் தேய். இப்போ..."

இந்த இடத்தில் அவர் குரல் இரண்டு கட்டை ஏறும்.

"கட்டைவிரல்! முழுசாப் பிடி. திருகு. பைக்குல ஆக்ஸிலேட்டர் திருகுற மாதிரி திருகு. பாவம் அது, அதுக்கும் ஒரு குளியல் போடு. கடைசியா விரல்நுனி, உள்ளங்கையில போட்டுச் சுத்து. ரெண்டு கையும் மேல!"

எண்பது கைகள் மேலே போகும். அதோடு பாடம் முடிந்தது. புத்தகத்தில் இதற்குப் பிறகும் மூன்று வரி இருக்கிறது: தண்ணீரில் அலச வேண்டும், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காகிதத்தால் ஈரம் ஒற்ற வேண்டும், அதே காகிதத்தால் குழாயைப் பிடித்து மூட வேண்டும். இல்லாத தண்ணீரில் எதை அலசுவது? நனையாத கையில் எதை ஒற்றுவது? திறக்காத குழாயை என்னத்துக்கு மூடுவது? "மிச்சமெல்லாம் புக்ல இருக்கு, படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மேடம் கட்டைவிரலுக்குத் திரும்பிப் போய்விடுவார். தேர்வும் அதே காற்றில்தான் நடக்கும். பிள்ளைகள் பத்துக்குப் பத்து வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போவார்கள்.

அப்படி இருக்கையில்தான் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டில் ஒரே மாதத்தில் மூன்று குழந்தைகளுக்குக் கழுத்து மடிப்பிலும் இடுப்பிலும் சீழ்க் கொப்புளம் வந்தது. மருந்தில் ஆறிவிட்டது, மூன்றும் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டன. ஆனாலும் பிறந்து நாலு நாள் ஆன உடம்பில் கொப்புளத்தைப் பார்ப்பது லேசான காரியமில்லை. ஒரு அம்மா தன் குழந்தையை யாரையும் தொட விடாமல் இரண்டு நாள் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தொற்றுத் தடுப்பு சிஸ்டர் களத்தில் இறங்கினார். எதைப் பார்த்தாலும் பஞ்சுக்குச்சியால் ஒரு தேய் தேய்த்துப் பரிசோதனைக்கு அனுப்பும் ஆள் என்பதால் அவருக்குப் பஞ்சுக்குச்சி சிஸ்டர் என்றே பெயர். தொட்டில் கம்பி, எடை பார்க்கும் தட்டு, கதவுப் பிடி, ஒரு டாக்டரின் ஸ்டெதஸ்கோப் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் குற்றவாளி அகப்பட்டது. குழந்தைகளின் கொப்புளத்தில் இருந்த அதே கிருமி வார்டுக் குழாயின் திருகில் அமோகமாக விளைந்திருந்தது.

"குழாயைத் துடைக்குறது யாரு?" என்று மருத்துவக் கண்காணிப்பாளர் கேட்டார்.

ஆயாம்மா. இருபது வருடமாக அந்த வார்டைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருப்பவர். ஒப்பந்த ஊழியர் என்பதால் விசாரிப்பதைவிட அனுப்பிவிடுவது சுலபம். வெள்ளிக்கிழமை கூட்டம் என்றார்கள். முடிவு முன்னாலேயே எடுத்தாகிவிட்டது, கூட்டம் டீ பிஸ்கட்டுக்காக.

புதன்கிழமை காலை கட்டைவிரல் மேடம் தன் பிள்ளைகளை மேற்பார்வையிட அந்த வார்டுக்குப் போனார். ஆயாம்மா குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆயாம்மா, தேச்சே கரைச்சிருவீங்க போல?"

"கரையட்டும் மேடம். வெள்ளிக்கிழமையோட நானும் கரைஞ்சு போயிருவேன்." தேய்ப்பது நிற்கவில்லை. "ஒரு நாளைக்கு நாலு தடவ மருந்து போட்டுத் தேய்க்கிறேன். என் வீட்டுப் பாத்திரத்தக்கூட இப்படித் தேச்சதில்ல. பொண்ணு ரெண்டாவது வருஷம் படிக்குது. இந்த வயசுல அழுக்குப் பிடிச்சவன்னு பேரு வாங்கிட்டு வெளிய போனா, எந்த ஆஸ்பத்திரி மேடம் என்னைச் சேத்துக்கும்?"

எல்லாம் சரியாயிடும் என்று மேடம் பொதுவாக எதையோ சொன்னார்.

"உங்க புள்ளைங்க ஜோராத்தான் கழுவுதுங்க" என்றார் ஆயாம்மா. "கழுவிட்டு என்ன பண்ணுதுங்கன்னு ஒரு அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. நான் சொன்னா, ஆயாவுக்கு என்ன தெரியும்னுவாங்க." ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

மேடம் உட்கார்ந்தார். முதல் பிள்ளை ஒரு குழந்தைக்கு ஈரத்துணி மாற்றிவிட்டு, அந்தக் கையோடு வந்து குழாயைத் திறந்தது. அதில் தப்பில்லை, திறந்தால்தானே கழுவ முடியும். பிறகு கழுவியது பாருங்கள், ஆறு படியும் அச்சுப் பிசகாமல். கட்டைவிரலைப் பிடித்து அது திருகிய திருகலில் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அலசி, கையை இரண்டு உதறு உதறி, மேலே தூக்கி ஒரு நொடி நிறுத்தியது. அப்புறம், இத்தனை சுத்தமாகக் கழுவிய அதே கையால், சற்று முன் அழுக்குக் கையோடு திறந்த அதே திருகைப் பிடித்து மூடிவிட்டு, நேராகப் போய் அடுத்த குழந்தையைத் தூக்கியது.

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது பிள்ளையும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. பக்கத்துச் சுவரில் காகிதச் சுருள் ஒன்று தொங்கியது. ஒட்டின முனைகூடப் பிரியவில்லை.

"அது மூணு மாசமா அப்படியேதான் இருக்கு" என்றார் ஆயாம்மா. "நான்தான் தினமும் தூசி தட்டுறேன்."

ஏழாவது பிள்ளையை மேடம் கையும் களவுமாகப் பிடித்தார். "நில்லு. இப்ப நீ என்ன பண்ண?"

"கை கழுவினேன் மேடம். ஆறு படியும். கட்டைவிரல் எக்ஸ்ட்ராவா ரெண்டு சுத்து."

"அப்புறம்?"

"குழாயை மூடினேன்."

"எதால மூடின?"

பிள்ளை தன் கையைப் பார்த்தது. முகம் மெல்ல மாறியது. "கையால மேடம்."

"திறக்கும்போது அதுல என்ன கைய வச்ச? அந்த அழுக்கு எங்க போச்சு? இப்ப எங்க இருக்கு? யாருடி உனக்கு இப்படி மூடச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல மேடம்." பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "நீங்க மூடிக் காட்டவே இல்லையே மேடம். அந்தக் குழாய்லதான் தண்ணியே வராதே."

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. மூடத் தெரியாதா, இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்று வாய்வரை வந்தது. "இங்க பாரு" என்று தானே குழாயடிக்குப் போய், கோபத்தோடு ஒரு கழுவு கழுவினார். அவர் வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரியில் முழங்கையால் தள்ளி மூடும் குழாய்கள். அதைவிட்டு வந்து பதினோரு வருடம் காற்றில்தான் கழுவியிருக்கிறார். முடித்ததும் கை தன் பாட்டுக்குப் போய்த் திருகைப் பிடித்து மூடியது. மூடிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஆயாம்மா பார்த்தார், துணியை எடுத்து அந்தத் திருகை மறுபடி துடைத்தார். அந்தத் துடைப்புதான் மேடத்துக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து பின்கட்டுக் குழாயில் கை கழுவுவதை மேடம் வாசற்படியில் நின்று பார்த்தார். மனிதர் முழங்கையால் குழாயை நெம்பித் திறந்தார், முழங்கையாலேயே மூடினார்.

"எத்தனை நாளா இப்படி மூடுறீங்க?"

"கல்யாணம் ஆனதுலேருந்து" என்றார் அவர். "கிரீஸ் கையோட குழாயத் தொட்டா நீ தெருவே கேக்குற மாதிரி கத்துவ. திறக்கும்போது முழங்கை, மூடும்போது கைன்னு மாத்தி மாத்தி யோசிக்க எனக்குச் சக்தி இல்ல. எல்லாத்துக்கும் முழங்கை. ஏன், இதுலயும் தப்பா?"

"தப்பில்ல" என்றார் மேடம். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அந்த வார்த்தையை வீட்டுக்காரர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனார், ஈரக்கை என்பதால் பயந்து நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை கல்லூரி முதல்வர் அறைக்குப் போய் மேடம் எல்லாவற்றையும் சொன்னார். முதல்வர் அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"துணை முதல்வர் பதவிக்கு உங்க பேரை எழுதி வச்சிருக்கேன். கையெழுத்துதான் பாக்கி. இப்பப் போயி பதினோரு வருஷமா தண்ணியில்லாமப் பாடம் நடத்தினோம்னு தம்பட்டம் அடிச்சா, காலேஜ் பேரு என்ன ஆகும்? உங்க பேரு என்ன ஆகும்? பிள்ளைங்ககிட்ட நாளைலேருந்து பேப்பரால மூடச் சொல்லிருங்க, முடிஞ்சுது."

"ஆயாம்மா?"

"அந்தம்மாவுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும். நீங்க கம்முன்னு இருங்க."

கட்டைவிரல் மேடம் தியாகச் செம்மல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். துணை முதல்வர் அறை அவருக்கு வேண்டும். தனி மேஜை, தனி மின்விசிறி, கதவில் பெயர்ப் பலகை. சம்பளப் பட்டியலைத் தாண்டி ஒரு இடத்திலாவது தன் சொந்தப் பெயர் எழுதியிருப்பதைப் பார்க்க அவருக்குக் கொள்ளை ஆசை. அன்று முழுக்கக் கம்மென்றுதான் இருந்தார். நாலு நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவும், கரைந்து போய்விடுவேன் என்ற ஆயாம்மாவும் மாறி மாறி வந்து நின்றார்கள். தன்னை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கண்காணிப்பாளர் நடுவில், முதல்வர் அம்மா ஒரு பக்கம், பஞ்சுக்குச்சி சிஸ்டர் அறிக்கையோடு இன்னொரு பக்கம். ஆயாம்மாவுக்கு நாற்காலி போடவில்லை, கதவோரம் நின்றார். பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் மேடம் அந்தக் காகிதச் சுருளைக் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன இது?" என்றார் கண்காணிப்பாளர்.

"குழந்தை வார்டுல மூணு மாசமா தொங்குன ரோல் சார். ஒரு தாள்கூடக் கிழியல. குழாயை மூட வேண்டியது இத வச்சு. என் பிள்ளைங்க வெறுங்கையால மூடுறாங்க. ஆயாம்மா நாலு தடவ தேய்க்கிற குழாயை ஒரு நாளைக்கு நானூறு தடவ அழுக்குக் கையால திறக்கிறோம், கழுவின கையால மூடுறோம், குழந்தையத் தூக்குறோம். அவங்க நாற்பது தடவ தேச்சாலும் இது நிக்காது."

"பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரலையா?"

முதல்வர் அம்மா பலமாக இருமினார். மேடம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல சார். நான் சொல்லித்தரல. எங்க குழாய்ல தண்ணி வராது. பதினோரு வருஷமா தண்ணி வந்ததா வச்சுக்கிட்டுத்தான் கை கழுவச் சொல்லிக் குடுத்தேன். வராத தண்ணிய நிறுத்தத் தோணல. அது என் தப்பு. இந்த ஆஸ்பத்திரில பாதி நர்ஸ் என்கிட்ட படிச்சவங்கதான்."

பஞ்சுக்குச்சி சிஸ்டர் தன் வலது கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவரும் மேடத்திடம் படித்தவர், மேடம் கல்லூரிக்கு வந்த மூன்றாவது வருடத்துப் பிள்ளை. குழாய்த் திருகில் மாதிரி எடுத்து முடித்த பிறகு கை கழுவிவிட்டு அதை எதால் மூடினார் என்பது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஆயாம்மாதான் கண்டுபிடிச்சாங்க" என்றார் மேடம். "பஞ்சுக்குச்சி இல்லாம, லேப் இல்லாம, ஒரு முக்காலில உக்காந்து."

கண்காணிப்பாளர் கையிலெடுத்த பிஸ்கட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ஆயாம்மாவின் வேலை தப்பியது. மேடத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. துணை முதல்வர் பதவி, கட்டிலுக்கு விரிப்பு விரிக்கச் சொல்லித்தரும் மேடத்துக்குப் போனது. கட்டைவிரல் மேடம் அன்று வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக அடுக்கினார், அழவும் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஒரு பைப்பும் இரண்டு இணைப்பானுமாகக் கல்லூரிக்குப் போய், தோட்டத்துக் குழாயிலிருந்து சுவர் ஓட்டை வழியாகத் தண்ணீர் இழுத்துக் கொடுத்தார். பதினோரு வருடக் கோப்பு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பல்லிக்குத்தான் நஷ்டம்.

திங்கட்கிழமை வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு, அதில் ஆயாம்மாவை உட்காரவைத்தார் மேடம். ஆயாம்மா கூச்சத்தில் நுனியில் உட்கார்ந்தார். கையில் மதிப்பெண் தாள்.

"இன்னைக்கு நான் கழுவுறேன். இவங்க மார்க் போடுவாங்க. என்ன சிரிப்பு? நாளைக்கு உங்களுக்கும் இவங்கதான்."

குழாயைத் திறந்தார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவர் புடவையை நனைத்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். முதன்முறையாக 'வச்சுக்கோங்க' இல்லாமல் பாடம் நடந்தது. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, முட்டி. கட்டைவிரலுக்கு வந்ததும் குரல் இரண்டு கட்டை ஏறியது. விரல்நுனி முடித்து அலசினார். இரண்டு கையும் மேலே போயின. காகிதத்தைக் கிழித்து ஈரத்தை ஒற்றினார். "பாத்துக்கோங்க, இதுதான் முக்கியம், இத்தனை வருஷமா நான் விட்டது இதைத்தான்" என்று பிள்ளைகள் பக்கம் திரும்பி விளக்கிக்கொண்டே காகிதத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். போட்டுவிட்டு, பேச்சு மும்முரத்தில், வெறுங்கையால் குழாயை மூடினார்.

"மேடம்" என்றார் ஆயாம்மா. "கை."

மேடம் திருகைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். பின்வரிசையில் ஒன்று அடக்க முடியாமல் சிரித்துவிட்டது, அடுத்தது அதைப் பார்த்துச் சிரித்தது.

"எவ்ளோ ஆயாம்மா?"

ஆயாம்மா தாளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். தன் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவர் என்று கொஞ்சம் யோசித்த மாதிரியும் இருந்தது. அப்புறம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பத்துக்கு நாலு தரலாம் மேடம்."

கட்டைவிரல் மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குழாயைத் திறந்து முதலிலிருந்து கையை நனைத்தார்.